தாத்தா பெயரில் ஒன்றும் இல்லையாம்!

பூர்வீகம் தேடக் கிளம்பும் நம் நெல்லைச் சீமைக்காரர்கள் முதலில் திறப்பது கைபேசியை. அடுத்துப் போய் நிற்பது தரகரிடம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். வெறுமையாக வரும். "தாத்தா பேர்ல ஒண்ணுமே இல்லையாம்" என்று முடித்துவிடுவார்கள். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975-இலிருந்துதான் கிடைக்கிறது. தாத்தா 1940-இல் எழுதிய பத்திரம் அதில் எப்படி வரும்?

அதை, அன்று உங்கள் ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின்கீழ் இருந்ததோ அங்கே நேரில் மனுப் போட்டுத்தான் தேடவேண்டும். சர்வே எண் தெரியாது என்று திரும்பிவிடாதீர்கள். பத்திரங்கள் ஏறும் ஒன்றாம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவது பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. பெயர் அட்டவணையில் ஊர், தொழில், தகப்பனார் பெயர் எல்லாம் சேர்ந்தே வரும். ஒரு தலைமுறை அங்கேயே கூடுதலாகக் கிடைத்துவிடும். "நீங்க யாரு, எதுக்கு?" என்று எழுத்தர் விரட்டினால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். கட்டணம் கட்டும் எவரும் அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். பதிவான உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்தபின் அதன் நகலையும் யாரும் கேட்கலாம். பேரன்மாருக்கே இது தெரிவதில்லை.

மாவட்டம் மாறியதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் 1910 வரை நெல்லைச் சீமைதான். ஸ்ரீவைகுண்டம் 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்துக்கும், சங்கரன்கோவில் 2019-இல் தென்காசிக்கும் போயின. செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதன் பழைய அரசுக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தையும் விசாரிக்கவேண்டும். மற்றபடி ஆங்கிலேயர் காலத்துக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஊர், தாலுகா, ஆண்டு இல்லாமல் அங்கே போனால் ரயில் கட்டணம்தான் நஷ்டம்.

பிறப்பு, இறப்புப் பதிவு இல்லை என்று அலுவலகத்தில் சொன்னால் வாய்ச்சொல்லோடு வந்துவிடாதீர்கள்; 'கிடைக்கவில்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், எழுத்தில். தரகரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும் துணை. பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய சபைகள் பல. நாசரேத் பக்கத்துச் சபைகள் 2003 முதல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தைச் சேர்ந்தவை; நெல்லைத் திருமண்டல அலுவலகத்தில் போய் நிற்காமல், முதலில் உள்ளூர்ச் சபைக் குருவானவருக்குக் கடிதம் எழுதுங்கள். அங்கேயே உட்கார்ந்து படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஏட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள்.