உங்களுக்குத் தெரியுமா? கோழிக்கு வியர்க்காது!

கோழியின் உடம்பில் வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெயில் ஏறினால், வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய் என்று கிடக்கும் காட்டுப்பள்ளியில் காற்றே ஈரம். பாவம், அந்த இரைப்பும் அவ்வளவாகப் பலன் தராது. காற்றோட்டம்தான் அங்கே கோழிக்கு உயிர்.

எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அதனால் கூரையை ஒட்டித் திறப்பு விடுங்கள். கூண்டை நீளவாக்கில் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. திறப்பில் பழைய மீன்வலையைக் கட்டினால் கீரி கடித்து நுழைந்துவிடும், கம்பிவலையே அடியுங்கள். காலையில் கூண்டுக்குள் தலையை நீட்டும்போது கண் எரிகிறதா? திறப்பு போதவில்லை.