சம்மதம் எது என்று பள்ளி சொல்லித் தந்ததா?

பெண்களின் பாதுகாப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் கண்முன் வந்து நிற்பது இருண்ட தெருவும், முன்பின் அறியாத முரடனும்தான். ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைச் சற்றே புரட்டிப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு அறிமுகமானவனே! உறவினன், அண்டை வீட்டான், உடன் பணிபுரிபவன், நண்பன், மணம் முடிப்பதாக வாக்களித்தவன். தெருவிளக்கும் கண்காணிப்புக் கேமராவும் இவர்களை என்ன செய்துவிடும்?

2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, ஏறத்தாழ 80,000 கருத்துரைகளைப் பெற்று, 2013 ஜனவரி 23 அன்று தனது அறிக்கையை அளித்தது. சட்டத்தைத் திருத்துங்கள், காவல்துறையைச் சீர்செய்யுங்கள் என்றதோடு அக்குழு நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலியல் பற்றிய முறையான அறிவையும், பெண்ணை மதிக்கும் பண்பையும் கற்பிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. சட்டம் அவ்வாண்டே திருத்தப்பட்டது. நிர்பயா நிதியாக 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கேமராக்களும் உதவி எண்களும் வந்தன. பாடம் மட்டும் பின்தங்கிவிட்டது.

திருத்தப்பட்ட அந்தச் சட்டம், சம்மதம் எது என்பதை மிகத் தெளிவாக வரையறுத்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அவ்வரையறை இடம்பெற்றுள்ளது. சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ, ஒரு பெண் தானே முன்வந்து, ஐயத்திற்கு இடமின்றித் தன் விருப்பத்தைத் தெரிவிப்பதே சம்மதம். உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. இந்தச் சில வரிகளுக்குப் பின்னால் நீண்ட துயரம் உண்டு. 1972இல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திற்குள்ளேயே சீரழிக்கப்பட்டாள். அவள் உடலில் காயமில்லை, எனவே எதிர்க்கவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அத்தீர்ப்பை எதிர்த்து எழுந்த குரல்களால்தான் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தனை பாடுபட்டுப் பெறப்பட்ட வரையறையைப் பதினைந்து வயது மாணவன் எங்கே படிக்கிறான்? நமது வீட்டுப் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் நமக்கு இச்சொல் புதியதன்று. நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் தொகையைச் சொல்லி, மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவரச் சாட்சிகளை உள்ளே அனுப்புகிறோம் அல்லவா? கேட்டறிவது ஆண் தரப்பின் கடமை என்ற பெரிய கருத்தை ஒருநாள் சடங்காகச் சுருக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசின் பொறுப்பு என்பது மேடையில் பேசும் வெறும் பேச்சன்று, சட்டத்திலேயே எழுதப்பட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவு, அச்சட்டத்தைப் பற்றி மக்களுக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அறிவிக்கும் கடமையை மத்திய, மாநில அரசுகளின் மீது சுமத்துகிறது. 2020இல் வந்த விதிகளில் 3ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வயதுக்கேற்ற பாடத்திட்டத்தையும் கல்விப் பொருள்களையும் அரசே ஆயத்தம் செய்ய வேண்டும் என்கிறது. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இக்கடமையை நினைவூட்டியதோடு, பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் தவறானது என்றும் சுட்டிக்காட்டியது.

அந்த எண்ணம் நம்மிடமும் உண்டு, மறைப்பானேன்? 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் பண்பாட்டின் பெயரால் நிறுத்தி வைத்தன. பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்பர்களே, ஆசிரியர் சொல்லித் தராததைக் கைப்பேசி சொல்லித் தருகிறது. அது கற்பிக்கும் பாடத்தில் பெண்ணின் சம்மதத்திற்கு இடமே இல்லை!

பள்ளியில் இப்போது கற்பிக்கப்படும் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' நல்ல தொடக்கமே. எனினும் அது, தீங்கு நேர்ந்தால் என்ன செய்வது என்று சிறு குழந்தைக்குச் சொல்வது. 'வேண்டாம்' என்று ஒருத்தி சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று வளர்ந்த ஆண்பிள்ளைக்குச் சொல்வது வேறு பாடம். மகனைப் பெற்றவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. இதை அறியாமல் காதல் என்று எண்ணிப் பழகிய இளைஞர்கள் போக்சோ வழக்கில் சிறை செல்லும் நிலையைக் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் கவலை தெரிவித்தது. சட்டத்தைச் சொல்லித் தராத அரசு, சட்டத்தை மீறியவனுக்குத் தண்டனை மட்டும் அளிப்பது என்ன நியாயம்?

கற்க வேண்டியவர்கள் மாணவர்கள் மட்டும்தானா? 2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிவந்தபோது, விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அச்சேறியது. அவ்வாறு அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பது சட்டம்! அப்பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படிப்பினை பெற்றார்களா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மீண்டும் நீதிமன்றம் தலையிட்டது. மீண்டும் அதே 25 லட்சம். இரு வழக்குகளிலும் 2025இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது உண்மைதான். ஆனால் புகார் கொடுக்கத் தயங்கி வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் அடுத்த பெண்ணின் மனத்தில் நிலைத்தது தீர்ப்பா, பெயர் வெளியானதா?

ஊரில் பெரியவர்கள் கூடி, "குடும்ப மானம்" என்று கமுக்கமாகப் பேசி முடித்துவிடும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தம்கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் சத்துணவையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசிய பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: போக்சோ விதிகளின் 3ஆம் விதி கூறும் பாடம் எந்த வகுப்பில், யாரால், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து நடத்தப்படுகிறதா? விடை எதுவாயினும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டுள்ளனவா என்பதையும் அன்றே பார்த்துவிட்டு வாருங்கள்.