மூன்று கோளாறு, ஒரே பம்ப்

சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்கவில்லை. பிரேக் கல்லாய் இறுகிவிட்டது. கதவுகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளவில்லை. உங்கள் பழைய மெர்சிடிஸ் 240டி திடீரென்று இப்படிப் படுத்துகிறதா? மூன்றுக்கும் தனித்தனியே வெள்ளியைக் கொட்டாதீர்கள்!

1976 முதல் 1985 வரை வந்த அந்த டீசல் காரில் இம்மூன்றும் காற்றை உறிஞ்சும் விசையால் நடப்பவை. அந்த விசையைத் தருவது எஞ்சினின் முன்புறம் உள்ள வாக்குவம் பம்ப்.

முதலில் போனட்டைத் திறந்து, எஞ்சின் மேலுள்ள 'ஸ்டாப்' பிடியை அழுத்துங்கள்; எஞ்சின் அடங்கும். பிறகு பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழிறங்கினால் பம்ப் நலம். மெல்லிய குழாய்களின் ரப்பர் இணைப்புகளில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இவை சில்லறைச் செலவுதான்.

மிதி இறங்கவே இல்லையா? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் இறங்கிவிடாதீர்கள், ஐயா! வண்டி அங்கேயே நிற்கட்டும், மெக்கானிக் வரட்டும். பம்பின் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அது உடைந்தால் குண்டுகள் டைமிங் செயினில் விழுந்து எஞ்சினையே கெடுத்துவிடும்.