கையில் இருக்கும் ஆடு

ஒரு கரித்துண்டு, மூன்று கூழாங்கல், பதினைந்து புளியங்கொட்டை. ஆடுபுலி ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். கட்டம் போடும் வேலையும் சில சமயம் மிச்சம். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றில் யாரோ எப்போதோ அதைக் கல்தரையிலேயே கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோடு வரை இறங்கும். மூன்று கோடுகள் அவற்றைக் குறுக்கே வெட்டும். அந்தக் குறுக்குக் கோடுகளின் முனைகளை இரு பக்கமும் சேர்த்துவிட்டால் மொத்தம் 23 புள்ளிகள். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி அதை வெட்டும். மூன்று புலிகளையும் நகர முடியாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும்.

ஆனால் பரவலாக உள்ள ஒரு விதிதான் இதைப் போர் விளையாட்டாக்குகிறது: முறைக்கு ஓர் ஆடாகத்தான் இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை இறக்கிய எதையும் நகர்த்தக் கூடாது. புலிகளோ அதற்குள் திரியத் தொடங்கிவிடும்.

அப்படியானால் முதல் ஆட்டை எங்கே வைப்பது? எந்தக் கோடும் ஊடுருவிப் போகாத மூலையில். உச்சி, பக்கங்களின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு கோடிகள் என ஏழே இடங்களில்தான் ஆட்டை வெட்ட வழியில்லை. மற்ற இடங்களில் நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் துணை வேண்டும். புலி ஓர் ஆட்டின் பக்கத்தில் வந்து நின்றதும், அது குதித்து இறங்கவிருக்கும் காலிப் புள்ளியில் கையிலுள்ள ஓர் ஆட்டை வைத்தால் போதும், வெட்டு செத்தது. தரையில் இருப்பவை அசையாதவை. ஆபத்து எந்தப் பக்கம் வந்தாலும் போகக்கூடியது கைக்குள் இருக்கும் புளியங்கொட்டை மட்டுமே. அவசரக்காரர் நடுக்கட்டத்தில் ஆடுகளைக் கொட்டிவிட்டு அப்புறம் விழிப்பார்.

பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் மேலைநாட்டுப் போர் விளையாட்டுகளிலும் இதே தலைவலிதான். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் அத்தகைய விளையாட்டுக்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிநூல் எழுதினார். எல்லாரையும் முதலிலேயே நிறுத்துவதா, சிலரைப் பின்னால் வைத்திருப்பதா என்று அங்கேயும் ஆட்டக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

திருவண்ணாமலை இந்தக் கையிருப்புக் கணக்கை நிஜப் படைகளோடு பார்த்த ஊர். 1767 செப்டம்பரில் மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் துரத்த, ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் கர்னல் ஜோசப் ஸ்மித் மேற்கே செங்கத்தில் ஒரு சண்டை போட்டுவிட்டு இந்த மலையடிக்கு ஒதுங்கினார். அவருடைய கையிருப்பு ஆடு திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் வுட்டின் படை. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய கூட்டணி அந்த இரு படைகளும் சேர்வதைத் தடுக்கவில்லை. மாதக் கடைசியில் மலைப்பக்கம் நடந்த சண்டையில் கூட்டணி தோற்றது. பீரங்கிகள் பல பறிபோயின.

தேர்ந்த புலிக்காரர் தரையை மட்டும் பார்ப்பதில்லை, எதிராளியின் மூடிய கையில் எத்தனை கொட்டை மிச்சம் என்றும் எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்றும் வெட்டுப்படாமல் பதினைந்தாவதும் இறங்கிவிட்டால் கட்டத்தில் காலி இடம் ஐந்துதான். அதன் பிறகே ஆடுகள் நகரத் தொடங்கும்.