11 கோப்புகளில் 5தான் கல்யாணம்

ராமநாதபுரம், கீழக்கரை, பாம்பன் பக்கம் பல வீடுகளின் பீரோவில் கல்யாண டிவிடி கிடக்கிறது. உப்புக்காற்றுக்கு முந்திக்கொண்டு அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள். கணக்குக்கு 2 மணி நேரம் ஓடும் ஒரு டிஸ்கை எடுத்துக்கொள்வோம். படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு 50 லட்சம் பிட், அதாவது 6.25 லட்சம் பைட். 7,200 நொடிக்கு 450 கோடி பைட். 1 ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று கொண்டால் இது 4.5 ஜிகாபைட், ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவான 4.7 ஜிகாபைட்டில் 96 சதவீதம்.

டிஸ்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்தால், மெனு வைத்த ஒரு சாதாரண டிவிடியில் 11 கோப்புகள் வரும். படமும் ஒலியும் இருக்கும் ஒரு விஓபி கோப்பு 107.4 கோடி பைட்டைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. அதனால் 450 கோடி பைட் 5 துண்டுகளாகிறது. மீதி 6 கோப்புகளில் மெனுவுக்கு 2, ஐஎஃப்ஓ 2, பியூபி 2. எண்ணிக்கையில் 55 சதவீதம் கல்யாணமே அல்ல. கூடவே வரும் ஆடியோ_டிஎஸ் கோப்புறையைத் திறந்தால் 0 பைட்.

எடை வேறு கதை சொல்கிறது. ஐஎஃப்ஓ என்பது எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று பிளேயருக்குச் சொல்லும் அட்டவணை. பியூபி அதன் அச்சு அசல் நகல். ஒன்று 50 கிலோபைட் என்று வைத்தால் 2 பியூபிக்கும் 100 கிலோபைட், அதாவது 4.5 ஜிகாபைட்டில் 0.0022 சதவீதம். 1,000 டிஸ்குகளின் பியூபிகளை அழித்தாலும் மிஞ்சும் இடம் 100 மெகாபைட். அதில் ஒரு கல்யாணத்தின் 2.7 நிமிடம்தான் அடங்கும்.

பியூபி நகலைத் தள்ளி வைப்பதற்குக் காரணம் 32,768 பைட். டிவிடியில் பிழைதிருத்தம் 2,048 பைட் கொண்ட 16 செக்டார்களைச் சேர்த்து ஒரே தொகுதியாக நடக்கிறது. ஐஎஃப்ஓவும் அதன் பியூபியும் ஒரே தொகுதிக்குள் வரக் கூடாது. வந்தால் ஒரே கீறல் இரண்டையும் கெடுத்துவிடும். வன்தட்டுக்குப் போனபின் அந்தக் காவல் தேவைப்படுவதில்லை. ஆனால் கீறலில் ஐஎஃப்ஓ ஏற்கெனவே போயிருந்தால் பியூபிதான் ஒரே அட்டவணை. முழுவதும் ஓட்டிப் பார்க்கும் முன் அழிப்பது சரியல்ல.

டிவிடிக்கு முந்தைய விசிடியில் உபரி கோப்புக்கு உள்ளேயே இருக்கிறது. 140 நிமிடப் படம் 2 சிடிகளில் வரும். நொடிக்கு 75 செக்டார் வீதம் 8,400 நொடிக்கு 6,30,000 செக்டார். விண்டோஸ் கணினி, விசிடியின் படம் இருக்கும் டேட் கோப்பை நகலெடுக்கும்போது செக்டாருக்கு 2,352 பைட் எழுதுகிறது. படம் 2,324 பைட்தான். எஞ்சும் 28 பைட், 12+4+8+4 என்று, செக்டாரின் அடையாளமும் சரிபார்ப்பும். மொத்தம் 1.76 கோடி பைட், அதாவது 17.6 மெகாபைட். கோப்பில் 1.2 சதவீதமே என்றாலும் டிவிடியின் 2 பியூபிகளைப் போல 176 மடங்கு.

இவற்றைவிடப் பெரிய உபரியை நாமே உண்டாக்குகிறோம். முதலில் கோப்புறை நகல் 4.5 ஜிகாபைட். பத்திரத்துக்கு ஒரு ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்கும் ஒரே கோப்பாக, இன்னொரு 4.5. துபாயில் இருக்கும் மச்சானுக்கு அனுப்ப நொடிக்கு 15 லட்சம் பிட்டில் ஒரு எம்பி4, 1.35. ஒரு கல்யாணத்துக்கு 10.35 ஜிகாபைட். 100 டிஸ்குக்கு 1,035 ஜிகாபைட். 1 டெராபைட் வன்தட்டில் கொள்ளாது.

எம்பி4 மட்டும் போதுமென்றால் 135 ஜிகாபைட், 87 சதவீதம் மிச்சம். ஆனால் அது மறுபடியும் சுருக்கியது. சுருக்கத்தில் போன நுணுக்கம் திரும்பாது. கோப்புறை, ஐஎஸ்ஓ இரண்டிலும் இருப்பது ஒரே படம். ஒன்றை நீக்கினால் 585 ஜிகாபைட், 43 சதவீதம் மிச்சம், இழப்பு எதுவும் இல்லை. அதே 100 டிஸ்கில் பியூபிகளைத் தேடித் தேடி அழித்தால் கிடைப்பது 10 மெகாபைட். ஐஎஸ்ஓக்களை நீக்கினால் கிடைப்பது 450 ஜிகாபைட், அதைப் போல 45,000 மடங்கு.