தகரம் எந்தப் பக்கம் விழுந்தது?

சித்தியவான் பக்கம் காற்று அடித்து ஓய்ந்ததும் முதலில் காணாமல் போவது தடயம்தான். அக்கம்பக்கத்தார் கூடித் தகரத்தை அடுக்கி, கிளைகளை வெட்டிச் சாலையோரம் தள்ளிவிடுவார்கள். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் வந்தது சுழல்காற்றா, வெறும் பலத்த காற்றா என்பதற்கான சாட்சியும் அந்தக் குப்பையோடு போய்விடுகிறது.

மலாய்க்காரர்கள் புத்திங் பெலியோங் என்று சொல்லும் சுழல்காற்று இங்கே அரிது, இல்லாததல்ல. 2019 ஏப்ரல் 1 அன்று பினாங்கு தஞ்சோங் தோக்கோங்கில் கடலிலிருந்து கரையேறிய சுழல், சில நிமிடங்களில் சுமார் 50 கட்டடங்களைச் சேதப்படுத்தியது. சித்தியவான் இருக்கும் மஞ்சோங் மாவட்டமும் அதே மலாக்கா நீரிணையோரம்தான் இருக்கிறது. அதிகாலையில் நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்றும் கூரையைப் பிடுங்கும் என்பதால் குழப்பம் கூடுகிறது.

சித்தியவானில் வானிலை நிலையம் உண்டு. ஆனால் காற்றுமானி தான் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் அளக்கும். குறுகிய பாதையில் ஓரிரு நிமிடம் ஓடி மறையும் சுழல் அதன்மேல் வந்து மோதுவது அபூர்வம். ஆகவே சேதத்தைப் படித்துத்தான் காற்றைக் கணிக்க வேண்டும்.

இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானில் பிறந்த தெட்சுயா புஜிதா. 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில், மரங்கள் நட்சத்திரக் கதிர்களாக வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர். 1974இல் அமெரிக்கச் சுழல்காற்றுச் சேதத்தை விமானத்திலிருந்து ஆராய்ந்தபோது சில இடங்களில் அதே வடிவம் தெரிந்தது. மேகத்திலிருந்து கீழே பாய்ந்து தரையில் மோதி விரியும் காற்று அது என்று பிறகு நிறுவினார். சுழல்காற்று அப்படிச் சாய்க்காது. குறுகிய பாதையின் இரு பக்க மரங்களும் உள்நோக்கிக் கிடக்கும், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகவும் விழும். சுமத்ரா காற்றில் எல்லாமே ஏறத்தாழ ஒரே திசையில் படுத்திருக்கும்.

புஜிதா 1971இல் வகுத்த அளவுகோல் 2007இல் மேம்படுத்தப்பட்ட புஜிதா அளவுகோலாக (இ.எஃப்.) திருத்தப்பட்டது. அதன் மிகக் கீழ்ப் படியான இ.எஃப். 0, மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். கட்டடங்கள், மரங்கள் உள்ளிட்ட 28 வகைப் பொருள்களின் சேதத்தை வைத்து வேகம் கணிக்கப்படுகிறது. எல்லாம் அமெரிக்காவை மனத்தில் வைத்தவை. நம் தோட்டத்து லயத்தையும் முன்பக்கம் இழுத்துக் கட்டிய தகரப் பந்தலையும் அதில் தேடாதீர்கள். திறந்த பந்தலுக்கு அடியில் புகுந்த காற்று தகரத்தை மேலே தூக்கும். ஆணி துருப்பிடித்திருந்தால் இ.எஃப். 0-ஐவிடக் குறைந்த வேகமே போதும். ஆணி முழுசாக உருவி வந்ததா, சட்டமே முறிந்ததா என்று பார்ப்பவர்தான் சரியாக மதிப்பிடுவார். வாழை விழுந்ததைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், அது எந்தக் காற்றுக்கும் விழும். மழையில் ஊறிய மண்ணில் செம்பனை வேரோடு சாய்வதும், ரப்பர் மரம் நடுவில் முறிவதும் ஒரே வேகத்தைக் காட்டாது.

அடுத்த முறை காற்று ஓய்ந்து, அறுந்த மின்கம்பி எதுவும் கிடக்கவில்லை என்று உறுதியானதும், துப்புரவுக்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். மரத்தின் அடி எங்கே, நுனி எந்தத் திசையில் என்பது படத்தில் தெரியட்டும். நேரத்தையும் குறித்து வானிலை ஆய்வுத் துறைக்கு அனுப்புங்கள்.