மூன்றாவது ஊசிக்குப் பிறகு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்களின் கண்கள், வெர்னியர் காலிப்பரில் ஐம்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பிரித்துப் பார்த்துப் பழகியவை. அந்தப் பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் 1960-களில் வந்தவை. ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பரில். அப்போது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அறுபது, எழுபது ஆகிறது. விழித்திரையின் மையத்தைத் தாக்கும் மாகுலா சிதைவு வரும் வயது இதுதான்.

இந்தப் பக்கத்து வீடுகளில் கண் மங்கினால் முதலில் வரும் பதில், “புரையா இருக்கும்பா, கேம்ப் போட்டா பார்த்துக்கலாம்” என்பது. புரை பெரும்பாலும் காத்திருக்கும். ஆறு மாதம் கழித்து லென்ஸ் வைத்தாலும் பார்வை திரும்பிவிடும். மாகுலா சிதைவின் ஈர வகை அப்படிக் காத்திருப்பதில்லை. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து நீரும் ரத்தமும் கசிகின்றன. ஈரம் ஏறிய சுவரில் பூச்சு உப்புவதுபோல விழித்திரையின் மையம் அங்கே உப்புகிறது. கதவின் நிலை வளைந்து தெரிவதும், எதிரில் இருப்பவரின் மூக்கு கோணிக்கொண்டு தெரிவதும் அதனால்தான். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றி இது சரியாகாது.

ஒரு கண் கெட்டாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் பலருக்கு மாதக்கணக்கில் தெரிவதே இல்லை. அறுபது தாண்டியவர்கள் வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குளியலறை டைல்ஸ் கோடுகளையோ கிரில் கேட்டின் கம்பிகளையோ பார்க்கலாம். பிறகு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, நடுவில் கறுப்பாக ஒரு திட்டு மறைத்தாலோ அந்த வாரமே ரெட்டினா மருத்துவரிடம் போக வேண்டும். ஓ.சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் கசிவைக் காட்டிவிடும்.

பத்தில் எட்டொன்பது பேருக்கு வருவது உலர் வகை. அது மெல்ல நகரும். 2001-லும் 2013-லும் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுகளை ஒட்டிய வைட்டமின், துத்தநாக, லூட்டின் மாத்திரைகள் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நோய் முற்றுவதைக் குறைக்கின்றன. நல்ல கண் உள்ளவர் முன்னெச்சரிக்கையாக விழுங்கிப் பயனில்லை. பீடி, சிகரெட்டை நிறுத்துவது எல்லா நிலையிலும் பயன் தரும்.

என்னைத் தூங்கவிடாதது ஈர வகையும், அதற்கான ஊசி பாதியில் நின்றுபோவதும்தான். ஊசி மருந்தின் கதை நம்பிக்கை தரக்கூடியது. குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிஸுமாபைக் கண் மருத்துவர்கள் மிகச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கண்ணுக்கென்றே உருவான ரானிபிஸுமாப் 2006-இல் வந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருவதாக 2011-இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு சொன்னது. ரானிபிஸுமாபுக்கு நிகரான உள்நாட்டுத் தயாரிப்பு 2015-இல் இந்தியாவிலேயே கிடைத்தது. விலைதான் இன்னமும் பெரிய தடை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மலிவான மருந்து கையில் இருக்கும்போதே சிகிச்சை நின்றுபோகும் வீடுகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

மாதம் ஒன்று வீதம் முதலில் மூன்று ஊசி. பெரும்பாலோருக்குக் கசிவு வற்றுகிறது, செய்தித்தாளின் தலைப்பு மறுபடி தெரிகிறது. அங்கேதான் வினை. கண்பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்ட கண்ணோடும் ஊசி போட்ட கண்ணோடும் எண்பது வயதுக்காரர் தனியாகத் திரும்ப முடியாது. பட்டாபிராமிலிருந்தோ திருமுல்லைவாயலிலிருந்தோ மின்சார ரயில் ஏறி, நடைமேம்பாலப் படிகளில் இறங்கி, ஆட்டோ பிடிக்க ஒரு துணை வேண்டும். மகன் விடிவதற்குள் பூந்தமல்லியில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர். மருமகளுக்குக் குழந்தையின் பள்ளி. ஒவ்வொரு ஊசிக்கும் யாரோ ஒருவரின் ஒருநாள் சம்பளம் போகிறது. அதைப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான்காவது மாதம் அவரே சொல்கிறார்: “இப்ப நல்லாத்தான் தெரியுது. நீ லீவு போடாதப்பா.”

நன்றாகத் தெரிவது மருந்து உள்ளே இருக்கும்வரைதான். சில வாரங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். குழாய்கள் திரும்பக் கசியும். வலி கிடையாது, கண் சிவப்பதும் இல்லை. தெரியவரும்போது நடுவில் தழும்பு விழுந்திருக்கும், அதன்பின் எந்த ஊசிக்கும் வேலையில்லை. இடைவெளியை நீட்டலாம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்றுகூட. ஆனால் அதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் நீட்ட வேண்டும். அந்த 2011 ஆய்வில் கலந்துகொண்டவர்களை ஐந்தாண்டு கழித்துச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. படிக்கவும் பஸ் நம்பர் பார்க்கவும் அது போதும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். அம்மா கைப்பழக்கத்தில் சமைத்துவிடுகிறார். கீரை ஆய்வதை நிறுத்தியதையோ, சீரியலில் முகம் தெரியாமல் குரலை வைத்து ஆளைச் சொல்வதையோ யாரும் கவனிப்பதில்லை. தனக்காக லீவு போடச் சொல்ல அவருக்கு வாயே வராது.

ஏற்கெனவே மையப் பார்வை போனவர்களுக்குப் பக்கப் பார்வை மிஞ்சும். அதனால் வீட்டுக்குள் நடமாடுவார்கள், ஆனால் வாசலில் நிற்பவரை அடையாளம் தெரியாது. “நடிக்கிறார்” என்று ஒரு சொல் அந்த வீடுகளில் சுலபமாக விழுகிறது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமே இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்தவும், மிச்சப் பார்வையைக் கொண்டு வேலை செய்யவும் அங்கே பயிற்சி உண்டு என்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கே தெரியவில்லை.

இந்தப் பகுதிகளில் புரை முகாம் நடத்தக் கோயில் கமிட்டியும் சர்ச்சும் குடியிருப்போர் நலச்சங்கமும் ஓடி வருகின்றன. வேன் வருகிறது, பெரியவர்களை ஏற்றிப்போய், ஆபரேஷன் முடிந்ததும் வாசலில் இறக்கிவிடுகிறது. அதே வேன் மாதம் ஒரு சனிக்கிழமை ஊசிக்காரர்களுக்காக ஓடட்டும். தெருவுக்கு ஒரு தன்னார்வலர் கூடப் போனால் போதும், மகனின் லீவுக்காக எந்தக் கண்ணும் காத்திருக்க வேண்டாம். முகாம் பேனரில் “கண்புரை” என்று அச்சடிக்கும்போதே கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: கோடு வளைந்து தெரிகிறவர்கள் முகாம் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.